நடுவயதின் நாவல்கள் – 6: சடங்கும் சீதன வீடும்

ஏறக்குறைய முப்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட பருவத்தில், அதுவரை தேடிச் சேர்த்த தொழிலும் குடும்பமும் மதிப்பும் கைக்குள் இருக்கும்போதே அவற்றின் பயன் குறித்து எழும் ஐயமும், அதையொட்டிய மனக்குலைவும் உளவியலில் ‘நடுவயது நெருக்கடி’ எனப்படுகின்றன. கனடாவில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய உளப்பகுப்பாய்வாளர் எலியட் ஜாக்ஸ், கலைஞர்கள் பலரின் வாழ்க்கையை ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட கட்டுரையில், தன் மரணம் உறுதி என்பதை மனிதன் உள்ளூர உணரத் தொடங்குவதே இந்நெருக்கடியின் வேர் என்று வாதிட்டார். ஆயினும் 2000ஆம் ஆண்டில் வெளியான எலேன் வெதிங்டனின் ஆய்வில், வினவப்பட்ட அமெரிக்கர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவரே தமக்கு அத்தகைய நெருக்கடி நேர்ந்ததாகக் கூறினர்; அவர்களுள்ளும் பலர் வயதைவிட வாழ்வில் நேர்ந்த பெரும் நிகழ்வுகளையே காரணமாகச் சுட்டினர். நெருக்கடிக்கு உருவம் தருவதில் வயதைக் காட்டிலும் சமூக அமைப்புக்கே பங்கு அதிகம் என்று கருத இது இடந்தருகிறது. ஈழத்து நாவல் ஒன்று இக்கருத்துக்குத் தக்க சான்றாக நிற்கிறது.

அது எஸ்.பொ. என அறியப்பட்ட எஸ். பொன்னுத்துரை 1960களில் எழுதிய ‘சடங்கு’. யாழ்ப்பாணத்து நல்லூரில் 1932இல் பிறந்த அவர், மட்டக்களப்பில் ஆசிரியராகப் பணிபுரிந்து, அங்கேயே மணம் செய்து நெடுங்காலம் வாழ்ந்து, பின்னர் ஆஸ்திரேலியாவுக்குப் புலம்பெயர்ந்து 2014இல் சிட்னியில் காலமானவர். ‘சடங்கு’ நாவலின் நாயகன் செந்தில்நாதன் கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞன். பிள்ளைகள் பலருக்குத் தகப்பனான அவன், மனைவி அன்னலட்சுமியுடன் கூடும் வேட்கையோடு குறுகிய விடுமுறையில் யாழ்ப்பாணம் வருகிறான். ஆனால் மாமியாரின் ஆட்சி நிலவும் வீடும், பிள்ளைகளும், உறவினர் காரியங்களும் அந்நாட்களைத் தின்றுவிட, வந்த நோக்கம் நிறைவேறாமலே மீண்டும் கொழும்புக்கு இரயிலேறுகிறான்.

இக்கதையின் அடியில் இருப்பது ‘மணியோடர் பொருளாதாரம்’, அதாவது ஆண்கள் தென்னிலங்கையில் உத்தியோகம் பார்த்து அனுப்பும் பணத்தில் வடபகுதிக் குடும்பங்கள் நிலைபெற்றிருந்த வாழ்முறை. அவ்வமைப்பில் கணவன் குடும்பத்துக்குத் தேவைப்படுவது சம்பளமாகவே. உடலும் ஆசையும் கொண்ட மனிதனாக அவன் தன் வீட்டிலேயே விருந்தாளியாகிவிடுகிறான். ஜாக்ஸ் விவரித்த மனிதன் எல்லாம் கிடைத்த பின் வெறுமையை உணர்கிறான் என்றால், செந்தில்நாதனோ வாழ்வதற்கான இடைவெளியே கிடைக்காமல் நடுவயதை அடைகிறான். பாலுணர்வை மறைக்காமல் எழுதியதற்காக எஸ்.பொ.வை ஆபாச எழுத்தாளர் என்று ஒதுக்கியவர்கள், வேட்கையை அளவுகோலாகக் கொண்டு ஒரு பொருளியல் அமைப்பின் கொடுமையை அவர் அளந்திருப்பதைக் காணத் தவறினார்கள்.

நெருக்கடியின் விளைவும் இங்கே வேறானது. மேலை நாவல்களில் நடுவயதினர் பெரும்பாலும் குடும்பத்தை உடைத்துக்கொண்டு வெளியேற முயல்கின்றனர். தமிழ் நாவலில் குடும்பம் பெரும்பாலும் உடைவதில்லை, அதற்குரிய விலையை மட்டும் வேறொருவர் செலுத்துகிறார். தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ (1966) நாவலில் அலங்காரத்தின் மணவாழ்வுக்குப் புறம்பான உறவுக்குப் பிராயச்சித்தமாக, மகன் அப்பு வேதபாடசாலைக்கு அனுப்பப்படுகிறான். ‘சடங்கு’ நாவலில் அந்த விலை அன்னலட்சுமியின் தனிமையாகிறது.

எஸ்.பொ. வாழ்ந்த மட்டக்களப்பில் நடுவயதின் நெருக்கடி மற்றொரு வடிவம் கொள்கிறது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில், அதாவது சூரியன் எழும் கிழக்குப் பக்கக் கரையில், செட்டிபாளையம் உள்ளிட்ட ஊர்களில் குடி எனப்படும் குலப்பிரிவு தாய்வழியே தொடர்வதும், மணமகன் மனைவியின் வீட்டுக்குக் குடிபோவதும், மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பதும் நெடுங்கால வழக்கங்கள். இதே கடற்கரையின் தெற்கிலுள்ள அக்கரைப்பற்றில் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, மகளின் மணத்துக்குப் பின் பெற்றோர் அவ்வீட்டை விட்டுக் கொடுத்துவிட்டு அருகில் வேறொரு வீட்டுக்குப் பெயர்வதை விவரித்திருக்கிறார். ஒன்றுக்கு மேற்பட்ட குமர்களை, அதாவது மணப்பருவத்துப் பெண்பிள்ளைகளை உடைய தகப்பனுக்கு, நாற்பதுகள் என்பவை ஒரு வீட்டைக் கொடுத்து அடுத்த வீட்டுக்கு அத்திவாரமிடும் ஆண்டுகளே. வாழ்வின் பொருள் என்ன என்ற வினாவுக்கு முன்னே, அடுத்த மகளுக்கு வளவு எங்கே என்ற வினா நிற்கிறது.

இவ்வழக்கத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நேர்வது ஒன்றன்று. மனைவியின் வீட்டுக்கு வந்து சேர்ந்த ஆண், நடுவயதில் தனக்கு என்றும் உரிமையாகாத ஒன்றை விட்டு வெளியேறுகிறான். பெண்ணோ, தன் தாய் தனக்குத் தந்த, தன் பெயரில் இருந்த வீட்டையே மகளுக்குக் கையளித்து வெளியேறுகிறாள். நாவல்கள் ஆணின் புழுக்கத்தை விரிவாக எழுதியிருக்கின்றன. வீட்டின் சொந்தக்காரி அதைக் கொடுத்துவிட்டு நிற்கும் அந்த வயது, முழு நாவலுக்குரிய பொருள். அதை எழுதும் கடமை, அவ்வழக்கத்துக்குள் பிறந்து வளர்ந்த கிழக்கிலங்கை எழுத்தாளர்களுக்கே, அவர்களுள்ளும் சிறப்பாகப் பெண்களுக்கே உரியது.

(நடுவயதில் காதுக்குள் குரல்கள் கேட்கத் தொடங்கிய ஒருவனின் கதையான, எம்.வி. வெங்கட்ராமின் ‘காதுகள்’ அடுத்த இதழில் ஆராயப்படும்.)