பையைச் சுருக்குவதா, பாதையை மாற்றுவதா?

ஆரணி, செய்யாறு பக்கம் தறி வைத்திருப்பவர்களுக்கு வெட்டுவதையும் பிணைப்பதையும் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பாவு தீரும்போது பழைய நுனியோடு புதுப்பாவை இழை இழையாகப் பிணைப்பார்கள். உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சையிலும் இந்த இரண்டு வேலைதான். ஸ்லீவ் என்பது வெட்டுவது. பைபாஸ் என்பது வெட்டிப் பிணைப்பது.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்தை எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெருமளவு சுரப்பது எடுக்கப்படும் மேல்பகுதியில்தான். அதனால் வயிறு சிறுப்பதோடு பசியும் அடங்குகிறது. எடுத்ததைத் திரும்ப வைக்க வழியில்லை.

பைபாஸில் மேல்நுனியில் இரண்டு மேசைக்கரண்டி அளவு, சுமார் 30 மில்லி, பிடிக்கும் பையை மட்டும் பிரித்து, அதோடு சிறுகுடலை நேராக இணைக்கிறார்கள். குடல் ஹார்மோன்கள் மாறுவதால், எடை இறங்குவதற்கு முன்பே பலருக்குச் சர்க்கரை இறங்கிவிடுகிறது. இரைப்பையில் வளையம் மாட்டும் பழைய முறையை இன்று அதிகம் பேர் நாடுவதில்லை.

எது மேல்? பின்லாந்திலும் சுவிட்சர்லாந்திலும் நோயாளிகளை ஐந்து ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் 2018இல் வெளிவந்தன. எடைக் குறைப்பில் பைபாஸ் சற்றே முன்னால், அவ்வளவுதான். வித்தியாசம் நெஞ்செரிச்சலில் இருந்தது. சுவிட்சர்லாந்து ஆய்வில் ஏற்கெனவே அந்தத் தொல்லை இருந்தவர்களில், ஸ்லீவ் செய்துகொண்ட 32 சதவீதம் பேருக்கு அது மோசமானது. பைபாஸில் 6 சதவீதம்தான். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஸ்லீவ் ஒத்துக்கொண்டதே என்று முடிவெடுக்கக் கூடாது என்பது இதனால்தான். ராத்திரி புளித்த ஏப்பம் வருகிறதா என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பைபாஸுக்கும் விலை உண்டு. இரும்பு, கால்சியம், பி12 மாத்திரைகள் ஆயுளுக்கும். கல்யாணப் பந்தியில் கேசரியை இரண்டு கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டால் வியர்த்து, படபடத்து, வயிற்றுப்போக்காகிவிடக்கூடும்.

இது அழகுக்கான சிகிச்சை அல்ல. ஆசியர்களுக்கு உடல் நிறை குறியீடு 27.5ஐத் தாண்டினால் பரிசீலிக்கலாம் என்கிறது 2022ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல். 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது சுமார் 70 கிலோ. அந்தக் கோட்டைத் தாண்டிய எல்லோருக்கும் கத்தி தேவை என்று அர்த்தமில்லை. சர்க்கரை, மூச்சுத்திணறல், மூட்டுவலி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் நெஞ்சு வேகமாக அடித்து, காய்ச்சலும் வயிற்றுவலியும் வந்தால் கஷாயம் வைத்துப் பார்க்க நேரமில்லை. தைத்த இடத்தில் கசிவு இருக்கலாம். சென்னையில் அறுவை செய்துகொண்டவர் என்றால் செய்யாற்றிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் போக வேண்டும். நடுராத்திரியில் யாருக்குப் போன் செய்வது, அதற்குள் பக்கத்தில் எந்த மருத்துவமனைக்கு ஓடுவது என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.