குழாய் நடுங்குவது ஏன்?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கிணற்றுப் படியிலோ மேடையிலோ பம்பு வைத்து, சின்ன வெங்காயத்திற்கும் பருத்திக்கும் நீர் பாய்ச்சுவோர் பலர். கோடையில் நீர்மட்டம் தாழும்போது குழாய் நடுங்குவதைக் கண்டிருப்பீர்கள். உடனே கம்பியால் இறுகக் கட்டிவிடுகிறோம். நடுக்கம் அடங்கினாற்போல் தோன்றும். ஆனால் காரணம் அப்படியே இருக்கும். பின்னர், பயிர் தண்ணீருக்கு வாடும் நாளில் இணைப்பு விட்டுப்போகும். ஆகவே, முதலில் காரணத்தை அறிதல் வேண்டும்.

1. உறிஞ்சும் உயரம்: கிணற்று நீரை உறிஞ்சு குழாயில் மேலேற்றுவது காற்றழுத்தமே. அதனால் தாங்க முடிந்த உயரம் சுமார் 10 மீட்டர். உராய்வு போன்ற இழப்புகள் போக, 6 மீட்டருக்குள் வைத்துக்கொள்வது நலம். அதைத் தாண்டினால் அழுத்தம் மிகக் குறைந்து, குளிர்ந்த நீரிலும் ஆவிக் குமிழிகள் தோன்றும். அவை பம்பின் சுழல் சக்கரத்தில் உடைந்து அதனை அரிக்கும். பம்புக்குள் சரளைக்கல் உருள்வது போன்ற ஓசை இதன் அடையாளம். நீர் இறங்கினால் பம்பையும் இறக்கி வையுங்கள்.

2. காற்று புகுதல்: புட்வால்வு நீரில் போதிய ஆழம் மூழ்காவிட்டாலும், உறிஞ்சு குழாயின் இணைப்பு தளர்ந்தாலும் காற்று புகும். நீர் விட்டுவிட்டு வரும், குழாய் துள்ளும்.

3. குறுகிய குழாய்: விநாடிக்கு 5 லிட்டர் நீர், 75 மி.மீ. உள்விட்டக் குழாயில் விநாடிக்கு 1.1 மீட்டர் வேகத்தில் ஓடும், 50 மி.மீ. குழாயிலோ 2.5 மீட்டர். வேகம் மிகுந்தால் வளைவுகளில் மோதல் மிகும். அரியலூர்ப் பகுதி சுண்ணாம்புக்கல் மிகுந்தது. நீர் கடினமாக இருக்கும் இடங்களில் குழாயினுள் சுண்ணாம்பு படிந்து வழி சுருங்கியுள்ளதா என்றும் பாருங்கள்.

4. நீர் அறைதல்: ஓடும் நீரைத் திடீரென நிறுத்தினால் அழுத்த அலை எழும். இதனை ரஷ்ய அறிஞர் ஜூக்கோவ்ஸ்கி 1898இல் விளக்கினார். இரும்புக் குழாயில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் சட்டென நின்றால், சுமார் 100 மீட்டர் உயர நீருக்கு ஈடான அழுத்தம் தாக்கும். ஆகவே கேட் வால்வை மெல்ல மூடுங்கள்.

இவற்றைச் சரிசெய்த பின்னரே குழாய்க்குத் தாங்கு கால்கள் அமையுங்கள். குழாயின் பாரம் பம்பின்மேல் விழலாகாது. வெங்காயம் நடுமுன் ஒருநாள் மோட்டாரை ஓட்டி, குழாயைத் தொட்டுப் பாருங்கள். நடுக்கம் அன்றே தெரிந்தால், பயிர் வாடுமுன் சரிசெய்துவிடலாம்.