வல்லாரையும் மூளைக் காய்ச்சலும்

வாய்க்கால் ஓரத்தில் தானே படரும் வல்லாரைக்கு ஞாபகசக்திக் கீரை என்று பெயர். மூளைக் காய்ச்சலால் மறதியுற்ற குழந்தைக்கு இதன் சாறு கொடுத்தால் சரியாகுமா என்று கேட்பவர்கள் உண்டு.

ஜப்பானிய மூளைக் காய்ச்சல் நம் நாட்டில் முதலில் 1955-ல் வேலூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டது. நெல் வயல் நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு, பன்றியிடமிருந்தும் கொக்கிடமிருந்தும் கிருமியை எடுத்து மனிதருக்கு ஏற்றிவிடுகிறது. மூளை வீங்கி நரம்பணுக்கள் அழிவதால், பிழைத்தவர்களில் மூன்றில் ஒருவருக்கேனும் மறதியோ வலிப்போ கைகால் முடக்கமோ தங்கிவிடுகிறது.

எலிகளுக்கு வல்லாரைச் சத்தைக் கொடுத்துப் பார்த்ததில் மூளை அழற்சி குறைந்து, ஞாபகம் ஓரளவு தேறியது உண்மையே. ஆனால் அது அளந்து பிரித்தெடுத்த சத்து. நம் வீட்டுத் துவையல் அல்ல. இந்நோய் கண்ட மனிதருக்கு அது குணம் தரும் என்று நிரூபணமாகவில்லை. கீரையாக இடையிடையே உண்ணலாம். சாக்கடை ஓரத்தில் மட்டும் பறிக்காதீர்கள். மண்ணிலுள்ள ஈயத்தை அது இழுத்துக்கொள்ளும். பூச்சிமருந்து தெளித்த வரப்பிலும் வேண்டாம். கொல்லையின் ஈர நிழலில் கணுவுள்ள கொடித்துண்டை நட்டால் போதும், படர்ந்துவிடும்.

கடும் காய்ச்சலுடன் வாந்தி, பிதற்றல், வலிப்பு கண்டால் சாறு பிழிந்துகொண்டு பொழுதைக் கழிக்கக் கூடாது. நினைவிழந்த குழந்தையின் வாயில் எதை ஊற்றினாலும் புரையேறி உயிருக்கே ஆபத்து. உடனே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

இக்கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை, தடுப்பூசி உண்டு. நோயுள்ள மாவட்டங்களில் 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்திற்குள் மற்றொன்று இலவசமாகப் போடுகிறார்கள். வயலைக் காயவிட்டு நீர் கட்டினால் கொசுப்புழு மடியும், தண்ணீரும் மிச்சம்; பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிட வேண்டாம். பன்றிக் கொட்டிலை வீட்டைவிட்டுத் தள்ளி அமையுங்கள்.