முதுகு யாருடையது?

ஐபிஎல்லுக்காக உடம்பைப் பொத்திப் பாதுகாக்கிறார்கள் என்று இரண்டு வீரர்கள் மீது கிரிக்கெட் வாரியம் பாய்ந்தது. வலி உண்மையா, சாக்கா என்று சொல்ல வேண்டிய இடம் பெங்களூர்.

2022 பிப்ரவரி 12. பெங்களூரில் ஒரு நட்சத்திர ஓட்டல். ஐபிஎல் அணிகளின் முதலாளிகளும் பயிற்சியாளர்களும் மேஜைகளைச் சுற்றி உட்கார்ந்து கையிலிருந்த பலகையைத் தூக்கித் தூக்கி விலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மும்பை வீரர் ஷ்ரேயாஸ் ஐயரை கொல்கத்தா அணி 12.25 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஜார்க்கண்டின் விக்கெட் கீப்பர் இஷான் கிஷனுக்கு மும்பை இந்தியன்ஸ் கொடுத்தது 15.25 கோடி. ஏலம் விட்டுக்கொண்டிருந்த ஆங்கிலேயர் ஹ்யூ எட்மீட்ஸ் நடுவிலேயே மேடையில் மயங்கி விழ, வேறொருவர் வந்து சுத்தியலைப் பிடித்தார். உடம்பு எப்போது காலை வாரும் என்று யாருக்குத் தெரியும்?

அந்த ஓட்டலுக்கும் சின்னசாமி ஸ்டேடியத்துக்கும் அதிக தூரமில்லை. 2000-ல் தொடங்கப்பட்ட தேசிய கிரிக்கெட் அகாடமி அப்போது ஸ்டேடிய வளாகத்தில்தான் இருந்தது. காயம்பட்ட இந்திய வீரர்கள் வந்து சேரும் இடம் அது. பிசியோதெரபி, ஓட்டம், வலைப் பயிற்சி எல்லாம் முடிந்து 'இவர் ஆடலாம்' என்று அங்கே கையெழுத்துப் போட்டால்தான் ஆட முடியும். ஆக, வீரனுக்கு விலை வைத்ததும் இந்த ஊர், அவன் உடம்புக்குச் சான்றிதழ் கொடுப்பதும் இந்த ஊர். சரியாக இரண்டு வருடம் கழித்து விலையும் சான்றிதழும் மோதிக்கொண்டன.

2024 பிப்ரவரியில் இங்கிலாந்து அணி இந்தியாவில் டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்தது. விசாகப்பட்டினத்தில் நடந்த இரண்டாவது டெஸ்டுக்குப் பிறகு ஷ்ரேயாஸ் அணியில் இல்லை. பிப்ரவரி 23-ம் தேதி மும்பைக்கும் பரோடாவுக்கும் ரஞ்சி கோப்பை கால் இறுதி. முதுகு வலிக்கிறது, ஆட முடியாது என்றார் ஷ்ரேயாஸ். ஆனால் அகாடமியின் மருத்துவப் பிரிவுத் தலைவர் நிதின் படேல் தேர்வாளர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல் பத்திரிகைகளில் கசிந்தது. விசாகப்பட்டினம் டெஸ்டுக்குப் பிறகு ஷ்ரேயாஸுக்குப் புதிதாகக் காயம் எதுவும் இல்லை, அவர் ஆடத் தகுதியானவர் என்று அதில் இருந்தது.

இஷான் கிஷன் கதை வேறு. 2023 டிசம்பரில் சொந்தக் காரணங்களைச் சொல்லி தென்னாப்பிரிக்கப் பயணத்திலிருந்து விலகினார். மனச் சோர்வு என்று பேசிக்கொண்டார்கள். மீண்டும் இந்திய அணிக்கு வர வேண்டுமென்றால் ஏதாவது ஆட்டத்தில் ஆடிக் காட்டட்டும் என்றார் அப்போதைய பயிற்சியாளர் ராகுல் திராவிட். ஜார்க்கண்ட் அணி ரஞ்சி ஆடிக்கொண்டிருந்தபோது இஷான் பரோடாவில் தனியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். வரப்போகும் ஐபிஎல்லுக்குத் தயாராகிறார் என்றுதான் எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

ஒப்பந்த வீரர்கள் உள்ளூர்ப் போட்டிகளைத் தவிர்த்தால் கடும் விளைவுகள் இருக்கும் என்று வாரியத்தின் அப்போதைய செயலாளர் ஜெய் ஷா கடிதம் எழுதினார். வெறும் மிரட்டல் இல்லை என்பது பிப்ரவரி 28-ம் தேதி தெரிந்தது. அன்று வெளியான ஆண்டு ஒப்பந்தப் பட்டியலில் இருவர் பெயரும் இல்லை. முந்தைய ஆண்டில் ஷ்ரேயாஸ் 3 கோடி ரூபாய் 'பி' பிரிவிலும், இஷான் 1 கோடி ரூபாய் 'சி' பிரிவிலும் இருந்தவர்கள். மூன்று மாதத்துக்கு முன்பு நடந்த உலகக் கோப்பையில் 530 ரன் குவித்தவர் ஷ்ரேயாஸ் என்பதையும் சேர்த்துக்கொண்டால் அடியின் கனம் புரியும்.

வீரர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஒரு காகிதமும் பென்சிலும் போதும். 2021-ல் உயர்த்தப்பட்ட சம்பளப்படி, 40 ரஞ்சி ஆட்டங்களுக்கு மேல் ஆடிய மூத்த வீரருக்கு ஒரு நாளைக்கு 60,000 ரூபாய். நான்கு நாள் ஆட்டத்துக்கு 2.4 லட்சம். ஐபிஎல்லிலோ, 2025 முதல் ஏலத் தொகைக்கு மேல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 7.5 லட்சம் தருகிறார்கள். மூன்று ரஞ்சி ஆட்டங்களில் 12 நாள் வெயிலில் நின்றாலும் ஒரு ராத்திரி ஐபிஎல் ஆட்டத்தின் கூலிக்கு ஈடாகாது. 12 கோடி, 15 கோடி என்ற ஏலத் தொகை இந்தக் கணக்கில் வரவே இல்லை. ஐபிஎல் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது ரஞ்சியில் தசை பிடித்துக்கொண்டால் அத்தனையும் ஆட்டம் காணும்.

அமெரிக்காவில் இந்தக் கணக்கைக் கல்லூரிப் பையன்கள் போட்டார்கள். அங்கே கல்லூரிக் கால்பந்து ஒரு மதம் மாதிரி. (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு மோதி விழும் ஆட்டம்.) பருவ முடிவில் 'பௌல்' என்ற பெயரில் கௌரவ ஆட்டங்கள் நடக்கும். 2016 ஜனவரி 1-ம் தேதி அப்படி ஓர் ஆட்டத்தில் நோத்ர டாம் பல்கலைக்கழகத்தின் ஜேலன் ஸ்மித்துக்கு முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. தொழில்முறை அணிகள் முதல் சில இடங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டவர் 34-வது ஆளாகத்தான் போனார். அதே ஆண்டு டிசம்பரில் லென்னர்ட் ஃபோர்னெட், கிறிஸ்டியன் மெக்காஃப்ரி என்ற இரண்டு நட்சத்திரங்கள் தங்கள் கடைசிக் கல்லூரி ஆட்டத்தில் ஆட மாட்டோம் என்று அறிவித்தார்கள். கல்லூரியைக் கைவிட்டார்கள் என்று ஏச்சு. அடுத்த சில மாதங்களில் ஒருவர் 4-வது ஆளாகவும், மற்றவர் 8-வது ஆளாகவும் தேர்வானார்கள். பிறகு இது அங்கே சர்வ சாதாரணமாகிவிட்டது.

ஆனால் அந்த மாணவர்களுக்கு அப்போது கல்லூரி சம்பளம் தரவில்லை. உதவித்தொகையும் கைதட்டலும்தான். இங்கே ரஞ்சியை நடத்துவதும் வாரியம், ஐபிஎல்லை நடத்துவதும் அதே வாரியம். ஆசை காட்டியதும் அவர்களே, ஆசைப்பட்டதற்கு அபராதம் போட்டதும் அவர்களே.

பெங்களூர்க்காரர்களுக்கு ரஞ்சி என்றால் 1974 நினைவுக்கு வரும். அதுவரை தொடர்ந்து 15 ஆண்டுகள் கோப்பையை வைத்திருந்த பம்பாய், அரை இறுதிக்கு பெங்களூர் வந்தது. இந்தியாவின் கேப்டன் அஜீத் வடேகர், சுனில் கவாஸ்கர் எல்லாம் ஒரு பக்கம். பிரசன்னா, சந்திரசேகர், விஸ்வநாத் மறு பக்கம். விஸ்வநாத் 162 அடித்தார். வடேகர் கால் வழுக்கி ரன் அவுட் ஆனார். கர்நாடகம் ஜெயித்து, பிறகு கோப்பையையும் முதன்முறையாக வென்றது. இந்திய அணியின் பாதியே மைதானத்தில் நின்றதால்தான் அந்த ஆட்டத்துக்கு அத்தனை மதிப்பு. அன்று ரஞ்சியைத் தவிர்த்துவிட்டுப் போக அவர்களுக்கு வேறு இடமும் இல்லை என்பதைப் பழம்பெருமை பேசுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஒழுங்கு நடவடிக்கை சரி. எல்லோருக்கும் ஒரே தராசா என்று கேட்டவர்கள் உண்டு. 2018-க்குப் பிறகு ரஞ்சி பக்கமே வராத ஹர்திக் பாண்டியா அதே பட்டியலில் 'ஏ' பிரிவில் இருந்தார். ஹர்திக் மாதிரி ஆட்டக்காரர்கள் சிவப்புப் பந்தில் ஆட விரும்பாவிட்டால் உள்ளூர் வெள்ளைப் பந்துப் போட்டிகளிலாவது ஆட வேண்டாமா என்று முன்னாள் வீரர் இர்ஃபான் பதான் வெளிப்படையாகக் கேட்டார். நியாயமான கேள்வி.

வாரியம் சவுக்கை மட்டும் எடுக்கவில்லை, வெல்லத்தையும் நீட்டியது. 2024 மார்ச் 9-ம் தேதி டெஸ்ட் வீரர்களுக்கு ஊக்கத் தொகை அறிவிக்கப்பட்டது. ஒரு பருவத்தின் டெஸ்டுகளில் முக்கால் பங்குக்கு மேல் களமிறங்குபவருக்கு, ஆட்டத்துக்கு 15 லட்சம் சம்பளத்துக்கு மேல் தலா 45 லட்சம். நல்ல காரியம்தான். ஆனால் டெஸ்ட் வாசலை எட்டாமல் ரஞ்சியிலேயே காலம் தள்ளும் நூற்றுக்கணக்கானவர்களுக்கு இதில் பைசா கிடையாது.

தமிழ்நாட்டின் சாய் கிஷோரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 2023-24 பருவத்தில் அவர் வீழ்த்தியது 53 விக்கெட், நாட்டிலேயே அதிகம். கேப்டனாக அணியை அரை இறுதி வரை கொண்டுபோனார். எதிரே மும்பை. ஒப்பந்தம் பறிபோன நான்காவது நாளே ஷ்ரேயாஸ் அந்த ஆட்டத்தில் இறங்கிவிட்டார். 3 ரன்னில் அவுட். 106 ரன்னுக்கு 7 விக்கெட் என்று மும்பை தடுமாறியபோது ஷர்துல் தாகூர் 109 அடித்து ஆட்டத்தைத் திருப்பினார். சாய் கிஷோர் 6 விக்கெட் எடுத்தும் தமிழ்நாடு இன்னிங்ஸ் தோல்வி கண்டது. ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே மூன்றே நாள் இடைவெளி விட்டால் வேகப்பந்து வீச்சாளர்கள் உடம்பு என்னவாகும் என்று ஷர்துல் புகார் சொன்னார். ஆடாதவர்களைப் பற்றி நாடே பேசிக்கொண்டிருந்த அந்த வாரத்தில், ஆடுகிறவர்களின் உடம்பைப் பற்றிப் பேசியவர் அவர்தான்.

இனி அந்த முதுகு. 2023-ல் லண்டனில் அறுவை சிகிச்சை செய்யப்பட்ட முதுகு அது. அந்த ஆண்டு ஐபிஎல்லையே ஷ்ரேயாஸ் இழந்திருந்தார். 2024 மார்ச்சில் விதர்பாவுக்கு எதிரான ரஞ்சி இறுதியாட்டத்தில் 95 அடித்தார். அதற்குப் பிறகு முதுகு பிடித்துக்கொண்டது. கடைசி நாட்களில் ஃபீல்டிங்குக்கு வரவில்லை. மும்பைக்கு 42-வது கோப்பை. இரண்டே மாதத்தில், மே 26-ம் தேதி சென்னை சேப்பாக்கத்தில் கொல்கத்தாவின் கேப்டனாக ஐபிஎல் கோப்பையையும் தூக்கினார். அதற்கு முந்தின நாள் சென்னையில் நிருபர்களிடம் மனம் திறந்தார்: உலகக் கோப்பைக்குப் பிறகு நீண்ட ஆட்டங்களில் நிஜமாகவே சிரமப்பட்டேன், சொன்னபோது யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

நம்பலாமா? எலும்பு முறிவை எக்ஸ்ரே காட்டிக் கொடுக்கும். முதுகு வலி அப்படியில்லை. ஐந்து நாள் ஆட்டத்தில் 100 ஓவர் குனிந்து நின்றால் வரும் வலி, மூன்றரை மணி நேர ஆட்டத்தில் வராமல் போகலாம். பொய் சொல்கிறவனுக்கும் அது வசதி, மெய் சொல்கிறவனுக்கு அதுவே வினை. அகாடமியின் மின்னஞ்சல் ஒரு மருத்துவக் கருத்து. அது வெளியே கசிந்த மாத்திரத்தில் தீர்ப்பாகிவிட்டது.

இஷான் சத்தமில்லாமல் திரும்பினார். அதுவும் திருநெல்வேலி வழியாக. 2024 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் புச்சி பாபு போட்டியில் ஜார்க்கண்ட் கேப்டனாக வந்து, மத்தியப் பிரதேசத்துக்கு எதிராக 114 விளாசினார். அதில் 10 சிக்ஸர். கோடிகளில் ஏலம் போனவர் தாமிரபரணிக் கரையில் ஆடியதைப் பார்க்கக் கொடுத்துவைத்தவர்கள் சிலர்தான். 2025 ஏப்ரல் 21-ம் தேதி இருவருக்கும் ஒப்பந்தம் திரும்பக் கிடைத்தது. அந்த டிசம்பரில் இஷான் தலைமையில் ஜார்க்கண்ட் சையத் முஷ்டாக் அலி கோப்பையை வென்றது. இறுதியாட்டத்தில் கேப்டன் சதம். வாரியத்தின் மருந்து வேலை செய்தது என்று சொல்பவர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் 3-1 என்று அடி வாங்கித் திரும்பியதும், 2025 ஜனவரியில் மருந்தின் அளவு கூட்டப்பட்டது. இந்திய அணிக்கும் ஒப்பந்தத்துக்கும் உள்ளூர் ஆட்டம் கட்டாயம் என்று விதி. உடனே பெரிய தலைகள் எல்லாம் ரஞ்சிக்கு வந்தன. ஷுப்மன் கில் பஞ்சாபுக்காகச் சின்னசாமி ஸ்டேடியத்தில் இறங்கினார். முதல் இன்னிங்ஸில் பஞ்சாப் மொத்தமே 55; கில் 4. கர்நாடகத்தின் இளைஞர் ஸ்மரண் ரவிச்சந்திரன் 203 அடித்தார். இரண்டாவது இன்னிங்ஸில் கில் 102 எடுத்தும் கர்நாடகம் இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. அடுத்த வாரம் டெல்லியில் விராட் கோலியைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம். 6 ரன்னில் போல்டானதும் பெரும்பாலோர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இந்தத் திருவிழாவில் ஒரு சிறுவனை யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பருவத்தில் மும்பைக்காக இரண்டு சதம் அடித்திருந்த 17 வயது ஆயுஷ் மாத்ரே, ரோகித் சர்மாவும் ஜெய்ஸ்வாலும் திரும்பியதால் வெளியே உட்கார வேண்டியதாயிற்று. ரோகித் எடுத்தது 3, 28. ஜம்மு காஷ்மீர் ஜெயித்தது. நட்சத்திரம் வராவிட்டால் போட்டிக்கு நஷ்டம். வந்தால் யாரோ ஒரு பையனுக்கு நஷ்டம்.

2025 செப்டம்பரில் ஷ்ரேயாஸ் முந்திக்கொண்டார். முதுகு பிடிக்கிறது, ஆறு மாதம் சிவப்புப் பந்து ஆட்டமே வேண்டாம் என்று வாரியத்துக்குத் தானே எழுதிவிட்டார். இம்முறை மின்னஞ்சல் எதுவும் கசியவில்லை. அவரது வலியை வாரியமே அறிக்கையில் விவரித்து, விடுப்பை ஏற்றுக்கொண்டது. அதே முதுகு, ஒன்றரை வருடத்தில் அதற்கு மரியாதை வந்துவிட்டது.

அக்டோபரில் சிட்னி ஒரு நாள் ஆட்டத்தில் பின்னால் ஓடிப்போய் ஒரு கேட்ச் பிடித்தார். விழுந்த வேகத்தில் மண்ணீரல் கிழிந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். முதுகுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2026 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிரான ஒரு நாள் அணியில் அவர் பெயர் வந்தது, பக்கத்திலேயே ஒரு குறிப்புடன்: உடல் தகுதிக்கு அனுமதி கிடைத்தால் மட்டும். அனுமதி தர வேண்டிய இடம் பெங்களூர்தான். அகாடமி இப்போது சின்னசாமியில் இல்லை. ஊருக்கு வெளியே விமான நிலையம் பக்கம் 40 ஏக்கரில், மூன்று மைதானங்களோடு, வேறு பெயரில் இயங்குகிறது.