ஆர்தர் லைமன்: ஒரு வக்கீலின் தொழில் தர்மம்

டாக்டரிடமும் வக்கீலிடமும் எதையும் மறைக்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனாலும் பிள்ளையை டாக்டராக்க ஆசைப்படும் அளவுக்கு வக்கீலாக்க நம்மவர் ஆசைப்படுவதில்லை. அதிலும் பெரிய கம்பெனிகளுக்காகவும், பண மோசடிக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காகவும் வாதாடுகிறவர் என்றால், "காசுக்காகப் பேசுகிறவர்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறோம். அந்தத் தொழிலில் அமெரிக்காவில் முன்னணியில் நின்ற ஆர்தர் லைமனைப் பற்றி அறிந்தால் அவ்வாறு சொல்லத் தயங்குவோம்.

லைமன் 1932இல் நியூயார்க்கில் பிறந்தவர். ஹார்வர்டில் படித்து, 1957இல் யேல் சட்டக் கல்லூரியில் பட்டம் பெற்று, நியூயார்க்கின் பால் வைஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். 1961 முதல் 1963 வரை மத்திய அரசு வக்கீல் அலுவலகத்தில் பணியாற்றி, பங்கு மோசடி வழக்கு நடத்தினார். முதலில் குற்றம் சாட்டும் பக்கம் இருந்து, பிறகு காக்கும் பக்கம் வருவது இத்துறையில் வழக்கமான பாதைதான்.

இவர்கள் வேலை சினிமாவில் வருவது போல மேசையைத் தட்டிப் பேசுவதன்று. வியாபார வழக்கில் இரு தரப்பாரும் தங்கள் கடிதங்களையும் கணக்குகளையும் முன்கூட்டியே எதிர்த்தரப்புக்குக் காட்ட வேண்டும். சாட்சிகளைச் சத்தியப் பிரமாணத்தின் பேரில், விசாரணைக்கு முன்பே கேள்வி கேட்கலாம். பெரும்பாலான வழக்குகள் சமரசத்தில் முடிந்துவிடும். நோயாளியின் வரலாற்றைக் கேட்டு, ரத்தம் சோதித்து, கடைசி வழியாகவே கத்தியை எடுக்கிறோம் அல்லவா? அது போலத்தான்.

லைமனின் பெயரை நாடறியச் செய்தது அட்டிக்கா சிறைக் கலவரம். 1971 செப்டம்பர் 9 அன்று நியூயார்க் மாநிலத்தின் அச்சிறையில் கைதிகள் காவலர்களைப் பிணையாகப் பிடித்தனர். 13ஆம் தேதி போலீஸ் படை துப்பாக்கியுடன் உள்ளே புகுந்தது. மாண்டவர் மொத்தம் 43 பேர். பெரும்பாலோர் அந்தத் தாக்குதலில் இறந்தவர்கள். கைதிகள் பிணையாளிகளின் கழுத்தை அறுத்துக் கொன்றதாக அதிகாரிகள் அறிவித்தார்கள். ஆனால் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் ஜான் எட்லண்ட், தம்மிடம் வந்த பிணையாளிகள் துப்பாக்கிக் குண்டுகளால் இறந்தார்கள் என்றார். கைதிகளிடம் துப்பாக்கி கிடையாது! உண்மையைச் சொன்ன அந்த மருத்துவருக்குக் கிடைத்தவை வசவுகள். வேறு நிபுணர்கள் பரிசோதித்தும் அவர் முடிவே உறுதியாயிற்று.

கலவரத்தை ஆராய அமைந்த மெக்கே குழுவின் தலைமை வக்கீல் லைமன். கைதிகள், காவலர்கள், போலீசார் எல்லோரிடமும் ரகசிய உறுதி அளித்து விசாரித்தார்கள். பிறகு குற்றவழக்கு நடத்தும் அரசுத் தரப்பு அந்தக் குறிப்புகளைக் கேட்டபோது குழு மறுத்தது. நீதிமன்றமும் அந்த மறுப்பை ஏற்றது. 1972இல் வெளிவந்த அறிக்கை அரசாங்கத்தையும் விட்டுவைக்கவில்லை.

1987இல் ஈரான்-கான்ட்ரா விவகாரத்தை விசாரித்த செனட் குழுவுக்கும் அவரே தலைமை வக்கீல். தொலைக்காட்சியில் ஆலிவர் நார்த்தைக் குறுக்குக் கேள்வி கேட்டதற்காக அவருக்கு வெறுப்புக் கடிதங்கள் வந்து குவிந்தன.

மக்கள் சார்பில் அரசைக் கேள்வி கேட்ட அதே மனிதர், வால் ஸ்ட்ரீட்டின் மைக்கேல் மில்கன் பக்கமும் நின்றார். 1989இல் மில்கன் மீது 98 குற்றச்சாட்டுகள் எழுந்தன. 1990இல் ஆறு குற்றங்களை ஒப்புக்கொண்டு, 60 கோடி டாலர் கட்டச் சம்மதித்தார். பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அது பின்னர் வெகுவாகக் குறைக்கப்பட்டது. "லைமன் தோற்றார்" என்றும் சிலர் பேசினார்கள். இதே லைமன்தான் ஏழைகளுக்கு இலவசமாக வாதாடும் நியூயார்க் சட்ட உதவிச் சங்கத்தின் தலைவராகவும் 1980களில் இருந்தவர். 1997இல் புற்றுநோயால், 64ஆம் வயதில் காலமானார்.

குடித்துக் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டவர் வந்தால் நாங்கள் வைத்தியம் பார்க்க மறுப்பதில்லை. அதனால் குடியை நல்லதென்று சொல்லிவிட்டோமா? குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. அதை முறையாகச் செய்ய வைப்பதே காக்கும் வக்கீலின் கடமை. எல்லையும் உண்டு. டாக்டர் பொய்ச் சான்றிதழ் எழுதக் கூடாது. வக்கீல் பொய் என்று தெரிந்த சாட்சியத்தை முன்வைக்கக் கூடாது.

இங்கே நான்காண்டுப் பட்டத்துக்குப் பிறகு மூன்றாண்டு சட்டப் படிப்பு. உங்கள் வீட்டுப் பிள்ளை அதில் சேர விரும்பினால் முகம் சுளிக்காதீர்கள். "யாரும் விரும்பாத ஒருவருக்காக நிற்கவும், எல்லை தாண்டாமல் நிற்கவும் உனக்கு மனம் உண்டா?" என்று மட்டும் கேளுங்கள். உண்டு என்றால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள்.