பெயர் தெரியாத தொற்றும் பேசாத நோயாளியும்

'நான்-ஸ்பெசிஃபிக் யூரித்ரைட்டிஸ்' என்று மருத்துவச் சீட்டில் எழுதப்பட்டிருந்தால், அதை ஒரு நோயின் பெயர் என்றே நோயாளி எடுத்துக்கொள்வார். உண்மையில், 'அழற்சி இருக்கிறது. எதனால் என்று தெரியவில்லை' என்பதே அதன் பொருள். சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரை வெளியே கொண்டுவரும் குழாயைச் சிறுநீர்ப் புறவழி என்கிறோம். அதில் அழற்சி ஏற்பட்டால் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் கடுப்பும் இருக்கும். ஆண்களுக்கு நிறமற்றோ வெண்மையாகவோ சிறிதளவு கசிவும் காணப்படலாம். காரணம் கொனோரியா எனப்படும் வெட்டை நோய் இல்லை என்று உறுதியாகி, வேறு எதுவென்றும் தெரியாத நிலையில் இந்தப் பெயர் சூட்டப்படுகிறது.

இப்படியொரு பெயர் தோன்றியதற்கே ஒரு கண்டுபிடிப்புதான் காரணம். 1879-இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் நெய்சர் கொனோரியாவை உண்டாக்கும் பாக்டீரியாவைக் கண்டறிந்தார். அப்போது அவருக்கு வயது 24. அதுவரை சீழ் வடிந்தாலே வெட்டை நோய் என்று கருதப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் டென்மார்க்கைச் சேர்ந்த கிராம் என்பவரின் சாயமேற்றும் முறையும் வந்துவிட, நுண்ணோக்கியின் கீழ் சீழைப் பார்த்து கொனோரியாவை உறுதி செய்வது எளிதாயிற்று. கூடவே ஒரு புதிரும் முளைத்தது. அறிகுறிகளும் சீழணுக்களும் இருந்தும், பலரிடம் நெய்சரின் கிருமி தென்படவில்லை. 'கொனோரியா அல்லாதது' என்றும், 'குறிப்பிட்ட காரணம் அற்றது' என்றும் இவர்கள் வகைப்படுத்தப்பட்டார்கள். எது என்று தெரியாததால், எது அல்ல என்பதையே மருத்துவம் பெயராக வைத்துக்கொண்டது.

புதிரின் முதல் முடிச்சு அவிழ்ந்தது ஐரோப்பாவில் அல்ல, ஜாவா தீவில். சிபிலிஸ் நோயை ஆராய நெய்சர் தலைமையில் அங்கு சென்ற குழுவில் ஹால்பர்ஸ்டேட்டர், புரோவாசெக் என்ற இரு ஆய்வாளர்கள் இருந்தார்கள். பார்வையைப் பறிக்கும் கண் தொற்றான டிரக்கோமாவால் பாதிக்கப்பட்டவர்களின் இமையிலிருந்து சுரண்டியெடுத்த பொருளை ஓராங்குட்டான் குரங்குகளின் கண்களில் செலுத்தி, பின்னர் அந்தச் செல்களைச் சாயமேற்றிப் பார்த்தார்கள். செல்லுக்குள்ளேயே கொத்துக் கொத்தாக நுண்துகள்கள் தெரிந்தன. இது நிகழ்ந்தது 1907-இல். அடுத்த மூன்றாண்டுகளுக்குள், இதே போன்ற துகள்கள் கண் அழற்சியுடன் பிறந்த சில குழந்தைகளிடமும், அவர்களுடைய தாய்மார்களின் பிறப்புறுப்பிலும், கொனோரியா அல்லாத அழற்சி கொண்ட ஆண்களின் சிறுநீர்ப் புறவழியிலும் காணப்பட்டன. தந்தையிடமிருந்து தாய்க்கும், தாயிடமிருந்து பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணுக்கும் ஒரே கிருமி செல்கிறது என்ற சங்கிலி அப்போதே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால், அதை நிரூபிக்க மேலும் அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. இந்தக் கிருமி உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகக்கூடியது. பிற பாக்டீரியாக்களைப்போல் ஆய்வகத் தட்டுகளில் இதை வளர்க்க முடியாது. அதனாலேயே அதைத் தீநுண்மி என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1957-இல் சீன அறிவியலாளர் டாங் ஃபெய்ஃபான், கோழிக் கருமுட்டையின் மஞ்சட்பையில் டிரக்கோமா கிருமியை வளர்த்துக் காட்டிய முடிவை வெளியிட்டார். அதுதான் நோய்க்குக் காரணம் என்பதை மெய்ப்பிக்கத் தமது கண்ணிலேயே அதைச் செலுத்திக்கொண்டார். அரசியல் நெருக்கடிகளுக்கு ஆளாகி 1958-இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டது அறிவியல் வரலாற்றின் துயரங்களுள் ஒன்று. அவருடைய முறையைப் பின்பற்றி 1959-இல் லண்டன் ஆய்வாளர்கள், கண் அழற்சியுடன் பிறந்த ஒரு குழந்தையின் தாயிடமிருந்து இதே வகைக் கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். 'கிளமிடியா டிரக்கோமாடிஸ்' என்று இன்று நாம் அழைப்பது இதைத்தான். 1960-களில்தான் இது தீநுண்மி அல்ல, பாக்டீரியாவே என்பது நிலைபெற்றது.

1965-இல், முட்டைக்குப் பதிலாக ஆய்வகச் செல்களில் கிளமிடியாவை வளர்க்கும் முறை வந்த பிறகு ஆய்வுகள் வேகமெடுத்தன. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடத்தப்பட்டு 1975-இல் வெளியான ஓர் ஆய்வில், கொனோரியா அல்லாத அழற்சி கொண்ட ஆண்களில் 42 சதவீதத்தினரிடம் கிளமிடியா இருந்தது. அழற்சி இல்லாத ஆண்களில் 7 சதவீதத்தினரிடம் மட்டுமே இருந்தது. பெனிசிலினால் கொனோரியா குணமான சில நாள்களில் சிலருக்கு மீண்டும் கசிவு தோன்றுவது ஏன் என்பதற்கும் விடை கிடைத்தது. இரண்டு கிருமிகளும் ஒரே சமயத்தில் தொற்றியிருக்கின்றன. மருந்து ஒன்றை மட்டுமே அழித்திருக்கிறது.

இந்தக் கண்டுபிடிப்பின் பயன் ஆண்களோடு நின்றுவிடவில்லை. கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. கருப்பைவாயில் தங்கும் கிருமி, மெல்ல மேலேறிக் கருக்குழாய்களை அடையும். அங்கு ஏற்படும் அழற்சி ஆறும்போது விழும் தழும்பு குழாயை அடைத்துவிட்டால் குழந்தையின்மை. ஓரளவு அடைத்தால் கரு கருப்பைக்கு வெளியே தங்கும் ஆபத்து. வெளியே தங்கிய கரு வளர்ந்து குழாய் வெடித்தால் உயிருக்கே இடர். இரண்டு நாள் எரிச்சலோடு மருந்துக்கடைக்குச் சென்று மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு ஓர் ஆண் தன் தொல்லையை மறந்துவிடலாம். அவருடைய மனைவியோ, பல ஆண்டுகளுக்குப் பின் குழந்தைப்பேறு மருத்துவமனையின் வாசலில் காரணம் தெரியாமல் நிற்க நேரிடலாம். 'காரணம் தெரியவில்லை' என்ற சீட்டின் முழு விலையையும் கொடுப்பவர் பல நேரங்களில் அந்தச் சீட்டில் பெயரே இல்லாத பெண்தான்.

கிளமிடியாவைக் கழித்தாலும் பாதிக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு விடை கிடைக்கவில்லை. 1954-இல் அமெரிக்க ஆய்வாளர் மாரிஸ் ஷெப்பர்ட், இத்தகைய நோயாளிகளிடமிருந்து மிக நுண்ணிய கூட்டங்களாக வளரும் ஒரு கிருமியைக் கண்டறிந்திருந்தார். செல்சுவர் இல்லாத மைகோபிளாஸ்மா இனத்தைச் சேர்ந்த அது பின்னர் 'யூரியாபிளாஸ்மா' எனப்பட்டது. 1970-களில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இக்கிருமியைத் தங்கள் உடலிலேயே செலுத்தி அழற்சி உண்டாவதைக் காட்டினார்கள். ஆயினும், நோயே இல்லாத பலரிடமும் அது காணப்படுவதால், இருப்பதெல்லாம் குற்றவாளி அல்ல என்ற பாடத்தையும் அது கற்பித்தது. அதிக எண்ணிக்கையில் இருக்கும்போது அதன் ஒருவகை நோயை உண்டாக்கக்கூடும் என்பதும், அறிகுறியற்ற எல்லாருக்கும் அதற்காகச் சோதனையும் சிகிச்சையும் தேவையில்லை என்பதும் இன்றைய நிலைப்பாடு.

அடுத்த விடை 1980-இல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் கிடைத்தது. கொனோரியா அல்லாத அழற்சி கொண்ட 13 ஆண்களிடமிருந்து எடுத்த மாதிரிகளில் இரண்டில், அதுவரை அறியப்படாத ஒரு மைகோபிளாஸ்மா பல வாரப் பொறுமைக்குப் பின் வளர்ந்தது. டல்லி, டேவிட் டெய்லர்-ராபின்சன் உள்ளிட்டோர் அதை 'மைகோபிளாஸ்மா ஜெனிடாலியம்' என்று பெயரிட்டார்கள். வளர்ப்பது அத்துணைக் கடினமாக இருந்ததால், பத்தாண்டுகள்வரை அதன் பங்கை மதிப்பிடவே முடியவில்லை. 1990-களின் தொடக்கத்தில், மரபணுத் துணுக்கைப் பன்மடங்காகப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனை வந்த பின்னரே, அது ஆண்களின் அழற்சிக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று என்பது தெளிவாயிற்று. 1995-இல் மரபணுத்தொகுதி முழுமையாகப் படிக்கப்பட்ட இரண்டாவது பாக்டீரியாவும் இதுவே. அதன் மரபணு எழுத்து இணைகள் ஏறத்தாழ 5.8 லட்சம் மட்டுமே. உயிர் வாழ்வதற்குக் குறைந்தபட்சம் எத்தனை மரபணுக்கள் வேண்டும் என்ற அடிப்படைக் கேள்விக்கே இந்தச் சிறிய கிருமி ஆய்வுப் பொருளானது.

இவ்வளவு சிறிய உயிரி இன்று மருத்துவத்துக்குப் பெரிய தலைவலி. பெனிசிலின், செஃபிக்ஸைம் போன்ற மருந்துகள் பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்குபவை. செல்சுவரே இல்லாத இதன்மீது அவை செயல்படா. எஞ்சிய எளிய வழி அசித்ரோமைசின். ஒரே வேளையில் ஒரு கிராம் விழுங்கினால் போதும் என்பதால் அது மருத்துவருக்கும் நோயாளிக்கும் உகந்ததாக இருந்தது. ஆனால், அந்த ஒற்றை வேளை கிளமிடியாவுக்குப் பொருந்திய அளவுக்கு இந்தக் கிருமிக்குப் பொருந்தவில்லை. தப்பிப் பிழைத்தவை எதிர்ப்பாற்றல் பெற்றன. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 2010-க்கு முன் சுமார் 10 சதவீதமாக இருந்த இந்த எதிர்ப்பாற்றல் 2016-17-இல் ஏறத்தாழ 50 சதவீதமாக உயர்ந்திருந்தது. இதனால்தான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கொனோரியா அல்லாத அழற்சிக்கு முதல் மருந்தாக ஏழு நாள்கள் இருவேளை உட்கொள்ளும் டாக்சிசைக்ளினை முன்னிறுத்தியது. கிருமியின் பெயர் தெரியாமல் கொடுத்த மருந்து, பெயர் தெரிந்தபோது பயனற்றுப்போயிருந்தது.

இவற்றோடு டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி, ஹெர்பிஸ், அடினோ தீநுண்மிகள் ஆகியவையும் காரணங்களாக அறியப்பட்டுள்ளன. அத்தனைக்கும் சோதித்த பின்பும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்கு இன்றும் காரணம் தெரிவதில்லை. ஆகவே, அந்தப் பழைய பெயர் முற்றிலும் ஓய்வு பெறவில்லை. அதன் எல்லை சுருங்கியிருக்கிறது.

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2020-ஆம் ஆண்டில் மட்டும் கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ், டிரைக்கோமோனாஸ் ஆகிய குணப்படுத்தக்கூடிய நான்கு தொற்றுகள் புதிதாக 37.4 கோடி பேருக்கு ஏற்பட்டன. அவற்றில் கிளமிடியா 12.9 கோடி. ஆய்வக வசதி குறைந்த நாடுகளுக்காக அந்த அமைப்பு பரிந்துரைத்தது, அறிகுறியைக் கொண்டு சிகிச்சை அளிக்கும் முறை. நம் நாட்டிலும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு இம்முறையையே கைக்கொண்டது. அறிகுறிக்கு ஏற்ப வெவ்வேறு நிறப் பொட்டலங்களில் மருந்துகள் தரப்பட்டன. சிறுநீர்ப் புறவழிக் கசிவுக்கு உரியது சாம்பல் நிறப் பொட்டலம். அதில் ஒரு கிராம் அசித்ரோமைசினும் 400 மில்லிகிராம் செஃபிக்ஸைமும் இருந்தன. முதலாவது கிளமிடியாவுக்கு, இரண்டாவது கொனோரியாவுக்கு.

இம்முறையைக் குறைகூறுவது எளிது. அதன் நியாயத்தையும் எண்ணிப்பார்க்க வேண்டும். கிராமத்திலிருந்து ஒருநாள் கூலியை இழந்து வரும் நோயாளியை, சோதனை முடிவுக்காக மறுமுறை வரச்சொன்னால் அவர் வராமலே போகலாம். வந்த அன்றே இலவசமாக மருந்து கிடைத்ததால் எண்ணற்றோர் குணமடைந்திருக்கிறார்கள். எனினும், இம்முறைக்கு இரண்டு இயல்பான எல்லைகள் உண்டு. அறிகுறி இல்லாதவரை, அதாவது பெரும்பாலான பெண்களை, அது காணவே காணாது. கிருமி எது என்று கேட்காததால், எந்த மருந்து எங்கே தோற்றுக்கொண்டிருக்கிறது என்பதையும் அது அறியாது. சளிக்கும் காய்ச்சலுக்கும்கூட அசித்ரோமைசின் தாராளமாக விற்பனையாகும் நம் நாட்டில், இரண்டாவது எல்லை முதலாவதைவிடக் குறைந்ததல்ல.

இவற்றுக்கு மேல் நிற்பது வெட்கம். பேருந்து நிலையச் சுவர்களிலும் பின்னிரவுத் தொலைக்காட்சியிலும் விளம்பரம் செய்து, குறிப்பிட்ட நாள்களில் விடுதி அறைகளில் நோயாளிகளைச் சந்திக்கும் 'லாட்ஜ் வைத்தியர்'களைத் தமிழகம் நன்கறியும். இளைஞர்களுக்கு இயல்பாக நிகழும் விந்து வெளியேற்றத்தை நோய் என்று அச்சுறுத்திப் பணம் பறிப்பது அவர்கள் தொழில். இந்த அச்சத்தை 1960-இலேயே 'தாது நோய்க்குறி' என்று பெயரிட்டு விளக்கினார் இந்திய மனநல மருத்துவர் நரேந்திர விக். நோயில்லாதவர் அங்கே நோயாளியாக்கப்படுகிறார். உண்மையான தொற்று உள்ளவரோ அதே அறையில் லேகியம் வாங்கிக்கொண்டு திரும்புகிறார். இருவரையும் பிரித்தறிய ஒரு சிறுநீர்ச் சோதனை போதும்.

அதற்கான கருவிகள் நம்மிடம் இல்லாமலும் இல்லை. காசநோயைக் கண்டறிய மாவட்ட மருத்துவமனைகளில் 'சிபிநாட்' இயந்திரங்கள் உள்ளன. அதே வகை இயந்திரத்தில், சோதனைப் பேழையை மட்டும் மாற்றி, கிளமிடியாவையும் கொனோரியாவையும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் கண்டறிய முடியும். நோயாளி காத்திருந்து முடிவை வாங்கிச் செல்லும் கால அளவுதான் இது. கரோனா காலத்தில் அரசு மருத்துவக் கல்லூரிகளில் பெருகிய பிசிஆர் ஆய்வகங்கள் மைகோபிளாஸ்மா சோதனைக்கும் பயன்படக்கூடியவை. முதற்கட்டமாக, மருந்து எடுத்தும் அழற்சி திரும்பிய ஆண்களுக்கும், குழந்தையின்மைக்காக அரசு மருத்துவமனைகளை நாடும் தம்பதியருக்கும் இச்சோதனைகளை இலவசமாக்கலாம். மாவட்டத்துக்கு ஓரிடத்திலேனும் எதிர்ப்பாற்றலைத் தொடர்ந்து கண்காணித்தால், எந்த மருந்தைப் பொட்டலத்தில் வைப்பது என்பதை ஊகத்துக்கு விடவேண்டியதில்லை.

நோயாளியின் கடமையும் சிறிது உண்டு. கடைக்காரர் தரும் மாத்திரையை நம்பாமல் பால்வினை நோய் மருத்துவரை அணுக வேண்டும். எழுதித் தந்த மருந்தை எழுதிய நாள்வரை உட்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகத் துணைவருக்கும் சிகிச்சை கிடைக்கச் செய்ய வேண்டும். இருவரும் குணமாகும்வரை உடலுறவைத் தவிர்க்காவிட்டால், கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் திரும்பத் திரும்பச் சென்றுகொண்டே இருக்கும். துணைவரிடம் இதைச் சொல்வது எளிதல்ல. அந்த உரையாடலுக்கு உதவும் ஆலோசகர்கள் அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவுகளில் இருக்கிறார்கள் என்பதையாவது மக்கள் அறிய வேண்டும்.

ஜாவாவின் குரங்குக் கண்ணில் தொடங்கி பிசிஆர் இயந்திரம்வரை, பெயரில்லாத ஓர் அழற்சிக்குப் பெயர் தேட நூறாண்டுக்கும் மேலாக உழைத்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் தம் உடலையே சோதனைக்கூடமாக்கியவர்கள். அந்தப் பெயர்கள் பாடநூல்களில் இருந்தால் போதாது. மாவட்ட மருத்துவமனையில் ஒரு கூலித் தொழிலாளியும் அவர் மனைவியும் பெற்றுச்செல்லும் சோதனை முடிவில் இடம்பெற வேண்டும்.