உப்பளத்தில் அறுபது வயது

வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் மரக்காணம் உப்பளங்களில் பாத்திகள் மூழ்கிவிடும். வாருவதற்கு உப்பும் இருக்காது, கூலியும் இருக்காது. இந்த மழை மாதங்களுக்காக உப்பளக் குடும்பங்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் தருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால், உடம்பு ஓய்ந்த பிறகு வரும் கூலியில்லாத காலம் மூன்று மாதத்தில் முடிவதில்லை.

2019-இல் மத்திய அரசு கொண்டுவந்த ஷ்ரம் யோகி மான்தன் திட்டம், அறுபது வயதில் மாதம் 3,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறது. சேரும் வயதைப் பொறுத்து 55 முதல் 200 ரூபாய் வரை மாதாமாதம் கட்ட வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்கள் சேரவே முடியாது. மழைக்காலத்தில் அரிசிக்கே கடன் வாங்கும் வீட்டில் அந்தத் தவணையை யார் கட்டுவது? மிஞ்சுவது முதியோர் பணம். தமிழ்நாட்டில் அது 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயானது. எண்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதில் மத்திய அரசின் பங்கு வெறும் 200 ரூபாய். 2007-இலும் அதே 200தான்.

முதியோர் பெருகுகிறார்கள் என்பது உண்மை. 2021-இல் தமிழக மக்கள்தொகையில் 13.6 சதவீதமாக இருந்த அறுபது வயது கடந்தவர்கள், 2031-இல் 18.2 சதவீதமாவார்கள் என்கிறது மத்திய அரசின் கணிப்பு. இப்படிப்பட்ட நிலையில் ஓய்வு வயதை உயர்த்துவதே பல நாடுகளின் வழி. டென்மார்க் 2040-இல் எழுபதுக்குப் போகிறது.

அந்த வழி உப்பளத்துக்கு ஒத்துவராது. தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வில், பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்பைக் கடந்த வெப்பத்தில் உழைப்பது தெரிந்தது. 7 சதவீதத்தினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. வெயிலிலும் உப்பு நீரிலும் தேய்ந்த உடம்புக்கு அறுபது என்பதே தாமதம்.

நேபாளம் இதை உணர்ந்திருக்கிறது. அங்கே பொதுவான முதியோர் உதவித்தொகை 68 வயதில். தலித் மக்களுக்கும், பின்தங்கிய கர்ணாலி பகுதியினருக்கும் 60-இலேயே. வாழ்வின் கடுமைக்கு ஏற்ப வயதை மாற்றிய ஏழை நாடு அது.

தமிழ்நாடும் உப்பளத் தொழிலாளர்களுக்கு முதியோர் உதவித்தொகையை 55 வயதில் தொடங்கலாம். மழைக்கால உதவி பெறுவோரின் பட்டியல் அரசிடமே இருக்கிறது. மாதம் 1,200 ரூபாய்க் கணக்கில் ஐந்தாண்டு முன்கூட்டித் தர ஒருவருக்கு 72,000 ரூபாய் ஆகும். கட்டடத் தொழிலாளர் நலனுக்குக் கட்டுமானச் செலவில் 1 சதவீதம் வசூலிக்க 1996 முதல் சட்டம் இருக்கிறது. பாக்கெட் உப்பிலும் கிலோவுக்குச் சில காசுகள் வசூலித்து, இந்தச் செலவின் ஒரு பங்கை ஈடுகட்டலாம்.